சுயவிபரக்கோவையும் தமிழாசிரியர் கடனும்

கல்லூரியை விட்டு நீங்கும் மாணவர், தம் வாழ்வின் போக்கையே மாற்றவல்லதாய் முதன்முதல் எழுதும் உரைநடை யாது? கதையுமன்று, கட்டுரையுமன்று, உத்தியோகம் வேண்டி அனுப்பும் சுயவிபரக்கோவையே. அதனைப் பலர் தாமே எழுதுவதில்லை என்பதே எமது கவலை. முன்னொருவருக்குக் கணினிக் கடையில் அமைத்த படிவத்திற் பெயரையும் பிறந்த திகதியையும் மாற்றிப் பெற்றுக்கொள்கின்றனர். பதின்மர் விண்ணப்பித்தாற் பதின்மரும் ‘கடின உழைப்பாளி’, ‘தலைமைத்துவப் பண்புடையவர்’ என்றே காணப்படுவர். தெரிவுசெய்வோர் எவரை அழைப்பர்?

பண்புச் சொற்களைக் குறைத்து, வினைச் சொற்களைப் பெருக்குக என்பதே எம் கருத்து. ‘பொறுப்பு மிக்கவன்’ என எவரும் எழுதலாம். ‘விடுதியின் உணவுக் கணக்கை ஓராண்டு எழுதினேன்’ என்பதைச் செய்தவரே எழுதலாம். தந்தையாரின் வெங்காயத் தோட்டத்து வரவு செலவைக் குறித்துவந்த மாணவர் அதனைக் கூற நாணுகின்றார். கணக்கெழுதும் வேலைக்கு அதனினும் பொருத்தமான சான்று வேறென்ன?

பதவிக்கு வேண்டுவது முன்னிற்க வேண்டும். தனியார் நிறுவனத்துக்கு இரண்டு பக்கம் போதும். அரசாங்கப் பதவியாயின், வெள்ளிக்கிழமை வர்த்தமானியிற் கேட்டவாறே படிவத்தை நிரப்புக. முடிவுத் திகதியையும், உறையின் இடப்பக்க மேல்மூலையிற் பதவிப் பெயர் கேட்கப்பட்டுளதா என்பதையும் நோக்குக. தேசியத் தொழிற்றகைமை பெற்றோர், 1 முதல் 7 வரையான மட்டங்களுள் தமது எதுவெனக் குறித்தல் வேண்டும். சான்று பகர்வோராக உறவினரல்லாத இருவரைக் காட்டுமுன் அவர்தம் இசைவைப் பெறுக. அறியாத மொழியை அறிந்ததாக எழுதுவோர், நேர்முகப் பரீட்சையின் முதல் வினாவிலேயே அகப்படுவர். பின்னர் அவர்தம் மெய்யான தகைமைகளும் ஐயத்துக்குள்ளாகும்.

இஃது இலக்கியம் கற்பிப்போர் வேலையோ எனச் சிலர் வினவுவர். சொல்லைச் சுருக்கிப் பொருளை விளங்கவைத்தல் தமிழ்ப் பாடமன்றி வேறு யாது? கோவை ஆங்கிலத்தில் அமையவேண்டியதாயினும், தாம் செய்தவற்றை முதலில் தாய்மொழியில் நிரைப்படுத்தியவரே பிறர் வாக்கியத்தை இரவல் வாங்காது எழுதுவர். ஆதலால் உயர்தர வகுப்பில் இதற்கெனச் சில பாடவேளைகளை ஒதுக்குதல் ஆசிரியராகிய எமது கடனாகும்.

பழைய மாணவரிடம் ஒரு வேண்டுகோள். உங்களுட் பலர் நேர்முகப் பரீட்சை மேசையின் மறுபக்கத்தில் அமர்ந்தவர்கள். ஆண்டுக்கொரு நாள் கல்லூரிக்கு வந்து, மாணவர் எழுதியவற்றைப் படித்துத் திருத்துங்கள். உத்தியோகம் பெற்றுத் தருமாறு நாம் கேட்கவில்லை. அதனைத் தம் தகுதியாற் பெற அவர்களுக்கு வழிகாட்டுமாறே கேட்கின்றோம்.