மூக்கா, கடிகாரமா?



எலவனாசூர்கோட்டை கடலை விட்டு உள்ளே தள்ளி அமைந்த ஊர். இங்குக் கடல் மீன் பனிக்கட்டியில் வைத்துத்தான் வந்து சேர வேண்டும். ஏரி மீனும் உண்டு. எந்த மீனானாலும், இரவு மீந்த குழம்பு சட்டியிலேயே இருக்கும். காலையில் வீட்டுப் பெரியவர்கள் மூடியைத் திறந்து முகர்ந்து பார்ப்பார்கள். "கெடவில்லை" என்றால் எல்லோருக்கும் மகிழ்ச்சிதான். பழைய மீன் குழம்புக்குத் தனி ருசி அல்லவா! ஆனால் இந்தச் சோதனை போதுமா? போதாது என்பதே என் கருத்து.

மீன் நாற்றத்திற்கு முக்கியக் காரணம் டிரைமெதிலமைன் என்னும் காரப்பொருள். புளியில் உள்ள டார்டாரிக் அமிலம் அதனுடன் சேர்ந்து எளிதில் ஆவியாகாத உப்பாக மாற்றிவிடுகிறது. ஆவியாகாத பொருள் மூக்கை எட்டாது. ஆகவே குழம்பில் நாற்றம் குறைவதாலேயே கேடு குறைந்தது என்று பொருளல்ல. மேலும், நோய் தரும் பாக்டீரியாக்கள் பல, எந்த நாற்றமும் காட்டாமலே பெருகும்.

எவ்வளவு வேகமாகப் பெருகும்? ஏற்ற சூழலில் 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரட்டிக்கும் என்று கொள்வோம். இரவு 9 மணிக்கு இருந்த ஒன்று, காலை 5 மணிக்குள் 24 முறை இரட்டித்து 1 கோடியே 67 இலட்சத்தைத் தாண்டும்! புளியும் உப்பும் இவ்வேகத்தைக் குறைக்கும். முற்றிலும் நிறுத்தும் என்று நம்ப முடியாது. வறுத்த மீனுக்கோ புளியின் காவலும் இல்லை.

"மறுபடி கொதிக்க வைத்தால் சரியாகிவிடாதா?" என்று கேட்பீர்கள். பாக்டீரியாக்கள் சாகும். ஆனால் அவற்றில் சில விட்டுச்சென்ற நச்சு கொதிநிலையையும் தாங்கும். கானாங்கெளுத்தி, சூரை, மத்தி போன்ற மீன்களைப் பனிக்கட்டியின்றி வைத்தால் ஹிஸ்டமின் உண்டாகும். அதையும் சமையல் அழிக்காது. முகம் சிவத்தல், அரிப்பு, தலைவலி ஆகியவை அதன் அறிகுறிகள்.

ஆகவே கடிகாரத்தை நம்புங்கள். 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை ஆபத்தான எல்லை. சமைத்த மீன் வெளியே 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. 32 டிகிரியைத் தாண்டும் கோடையில் 1 மணி நேரமே. நிறைந்த சட்டி மெதுவாகத்தான் ஆறும். ஏனெனில் வெப்பம் மேற்பரப்பு வழியாகவே வெளியேற வேண்டும். அகன்ற பாத்திரங்களில் பிரித்து ஊற்றினால் விரைவில் ஆறும். பிறகு மூடிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் 3 நாள் வரை வைக்கலாம். உண்ணுமுன் நன்கு கொதிக்க வையுங்கள்.

நுரை, பிசுபிசுப்பு, புது நாற்றம், நாக்கில் சுருக்கென்ற உணர்வு இருந்தால் கொட்டிவிடுங்கள். இவை இல்லை என்பது நற்சான்றிதழ் ஆகாது.

குளிர்பதனப் பெட்டி இல்லாத வீட்டில் என்ன செய்வது? அன்றே தீரும் அளவு மட்டும் சமைப்பதே வழி. காசு கொடுத்து வாங்கிய மீனைக் கொட்ட மனம் வராது. கொட்ட நேராமல் அளவாகச் சமைப்பதே சிக்கனம்.

அடுத்த முறை வீட்டில் மீன் சமைக்கும்போது, இறக்கிய நேரத்தைக் குறித்து வையுங்கள். அறிவியல் அடுப்படியிலும் தொடங்கலாம்!