இரவு ஒன்பது மணி வெயில்

"யாரோட போற?"

பயணம் என்று வாயெடுத்தாலே நம் வீடுகளில் வரும் முதல் கேள்வி இதுதான். எங்கே, எத்தனை நாள், எவ்வளவு செலவு என்பதெல்லாம் பிறகு. சென்ற ஆண்டு ஜூலையில் பத்து நாள் லண்டன் போகிறேன் என்றபோதும் அதேதான். தனியாகத்தான் என்றதும் பெரியம்மா என்னைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு உரை எழுதத் தேவையில்லை. முப்பதைத் தாண்டியாயிற்று, கல்யாணம் இல்லை, இப்போது தனியாக ஊர் சுற்றவும் கிளம்பிவிட்டாள்.

அலுவலகத்தில் கேள்வி வேறு. "பத்து நாளும் லண்டன் மட்டுமா? பாரிஸ் போகலயா? ஆம்ஸ்டர்டாம் பக்கம்தானே?" பத்து நாளில் ஏழு நாட்டைச் சுற்றி, எட்டாம் நாட்டின் விமான நிலையத்தில் சாக்லெட் வாங்கித் திரும்புகிறவர்கள் நாம். ஒரே ஊரில் பத்து நாள் என்றால் காசை வீணாக்குவதாகத் தோன்றும்.

எனக்கு வேண்டியிருந்தது நேரம். வாரத்தில் ஐந்து நாள் ஒலிவாங்கி முன்னால் உட்கார்ந்து பேசுவது என் தொழில். வானொலியில் சில நொடி சத்தம் இல்லாமல் போனாலே கட்டுப்பாட்டு அறையில் ஆள் எழுந்து ஓடுவார். அதற்கு 'டெட் ஏர்' என்று பெயர். அப்படிப்பட்ட வேலையில் இருப்பவளுக்கு, பேச வேண்டிய கட்டாயமே இல்லாத ஒரு பெரிய ஊர் தேவைப்பட்டது.

இதில் சூரியனுக்கும் பங்கு உண்டு. நிலநடுக்கோட்டுக்குச் சற்று மேலே இருக்கிற சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் ஏழு மணியைச் சுற்றித்தான் இருட்டும். இருட்டினால் வீடு, சாப்பாடு, நாளைய வேலை. நம் நாள்களின் வடிவமே அதுதான். ஜூலை முதல் வாரத்து லண்டனில் சூரியன் மறைய இரவு 9.20 ஆகிறது. விடிவது காலை ஐந்துக்கும் முன்னால். பதினாறு மணி நேரத்துக்கு மேல் பகல். சாப்பாடு, தூக்கம், குளியல் எல்லாம் கழித்தாலும் கையில் ஒரு முழு நாள் மிச்சம் இருக்கும்.

தங்குமிடம் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், திட்டமிடுகிறவர்களுக்கு உதவும். தனியாகப் போகிறவர்களுக்கு லண்டன் ஹோட்டல்கள் ஒருவகைத் தண்டனை. இருவர் தங்கும் அறைக்கான பணத்தை ஒருவர் கட்ட வேண்டும். ஆனால் கோடையில் மாணவர்கள் ஊருக்குப் போனதும் சில பல்கலைக்கழகங்கள் விடுதி அறைகளை வெளியாருக்கு வாடகைக்கு விடுகின்றன. ஒற்றைக் கட்டில், ஒரு மேசை, ஒரு சன்னல். என் அறை ரஸ்ஸல் சதுக்கத்தின் பக்கம் கிடைத்தது. நடக்கும் தூரத்தில் சோவாஸ் கல்லூரி, அதன் வளாகத்தில் திருவள்ளுவர் சிலை. பேருந்துக்குப் போகும்போது சில காலைகளில் அந்த வழியாகப் போவேன். அந்த ஊரில் எனக்குத் தெரிந்த முகம் அவர் ஒருவர்தான்.

அறையில் குளிரூட்டி இல்லை. "லண்டனில் எதற்கு?" என்று நினைக்காதீர்கள். 2022 ஜூலை 19ஆம் தேதி இங்கிலாந்தில் முதன்முறையாக வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியது. குளிரைத் தாங்கக் கட்டிய ஊர் அது. வெயில் காலத்தில் சுரங்க ரயிலின் பழைய தடங்களில் இறங்கினால் இட்லிப் பானைக்குள் நுழைந்த மாதிரி இருக்கும்.

அதனால் பேருந்து. நான் போனபோது ஒரு பயணத்துக்கு 1.75 பவுண்ட், நம் காசில் மூன்று வெள்ளி. ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பேருந்து மாறி ஏறினாலும் அதே கட்டணம்தான். மாடியில் முன்வரிசை இருக்கை கிடைத்துவிட்டால் சுற்றுலாப் பேருந்துக்குப் பணம் கட்டத் தேவையில்லை. எம்ஆர்டி வரைபடம் பார்த்தே வளர்ந்த நமக்கு லண்டன் சுரங்க ரயில் வரைபடம் இன்னொரு ஏமாற்று. 1933இல் வெளிவந்த ஹாரி பெக்கின் அந்தப் புகழ்பெற்ற வரைபடம் தூரத்தைக் காட்டாது, வரிசையைத்தான் காட்டும். லெஸ்டர் ஸ்குவேருக்கும் கோவன்ட் கார்டனுக்கும் இடையே சுமார் 260 மீட்டர்தான். தோ பாயோவில் இரண்டு புளோக் தள்ளி நடக்கிற தூரம்.

டிரஃபால்கர் சதுக்கத்தில் இருக்கும் நேஷனல் கேலரிக்கு மூன்று நாள் போனேன். ஒவ்வொரு நாளும் இருபது நிமிடம், ஒரே ஓவியம். டர்னர் 1839இல் காட்சிக்கு வைத்த 'ஃபைட்டிங் டெமெரேர்'. டிரஃபால்கர் போரில் பங்கெடுத்த பெரிய பாய்மரக் கப்பல், உடைத்துப் போடுவதற்காக ஒரு சின்ன நீராவிப் படகால் இழுத்துச் செல்லப்படுகிறது. கப்பல் வெளிறிப்போய்ப் பேய் மாதிரி நிற்கிறது, படகு கறுப்பாகப் புகை கக்குகிறது, பக்கத்தில் சூரியன் மறைகிறது. முதல் நாள் சூரியனைத்தான் பார்த்தேன். மூன்றாம் நாள்தான் அந்தச் சின்னப் படகின் மேல் கண் போனது. இந்தக் கேலரிக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. இருபது வெள்ளி கட்டி உள்ளே போயிருந்தால் ஆயிரம் ஓவியங்களையும் பார்த்தாக வேண்டும் என்று நம் மனம் கணக்குப் போடும். இலவசம் என்பதால் ஒன்றைப் பார்த்துவிட்டு வெளியே வந்து காப்பி குடிக்கலாம். கழிவறையும் இலவசம். சிரிக்காதீர்கள், தனியாகச் சுற்றுகிறவர்களுக்கு அது பெரிய விஷயம். "பையைக் கொஞ்சம் பாத்துக்கோ" என்று சொல்ல ஆள் கிடையாது.

அடுத்தது என் தொழிலோடு ஒட்டிய இடம். எம்பேங்க்மென்ட் நிலையத்தில் நார்தர்ன் தடத்தின் வடக்கு நோக்கிய மேடை. அங்கே ரயில் வந்து நிற்கும்போது "மைண்ட் த கேப்" என்று ஒரு குரல் வரும். மற்ற நிலையங்களில் கேட்கும் குரல் இல்லை அது. ஆஸ்வால்டு லாரன்ஸ் என்ற நடிகர் பல ஆண்டுகளுக்கு முன் பதிவு செய்தது. அவர் 2007இல் இறந்துபோனார். அதன் பிறகும் அவர் மனைவி அந்த மேடைக்குப் போய், கணவர் குரலைக் கேட்பதற்காகவே அடுத்த ரயில் வரும்வரை உட்கார்ந்திருப்பாராம். 2012இன் முடிவில் புதிய ஒலிபரப்பு முறை வந்ததும் குரல் நின்றுபோனது. அவர் நிர்வாகத்தைக் கேட்டார். குரலைத் தேடி எடுத்து அவருக்கு ஒரு பிரதி கொடுத்தார்கள். 2013இல் அந்த ஒரு நிலையத்தில் மட்டும் பழைய பதிவையே திரும்பப் போட்டுவிட்டார்கள்.

மேடை நாற்காலியில் உட்கார்ந்தேன். ரயில் வந்தது. மூன்றே சொற்கள், கொஞ்சம் கண்டிப்பு, கொஞ்சம் பழைய காலத்து உச்சரிப்பு. கதவு மூடி ரயில் போய்விட்டது. இன்னொன்று வந்தது. அதையும் விட்டேன். ஏழு ரயில்கள். எட்டாவதில் ஏறினேன். உடன் யாராவது வந்திருந்தால் இரண்டாவது ரயிலிலேயே "போதும்ப்பா, வா" என்று இழுத்துக்கொண்டு போயிருப்பார்கள், அவர்கள்மேல் தப்பும் இல்லை. நான் தினமும் ஆயிரக்கணக்கான சொற்களைக் காற்றில் விடுகிறேன். அதில் எந்த மூன்று சொல்லுக்காக யார் மேடையில் காத்திருக்கப் போகிறார்கள் என்று அங்கே உட்கார்ந்து யோசித்தேன். பதில் ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் யோசிக்க ஏழு ரயில் நேரம் கிடைத்தது.

நடக்கப் பிடிக்கும் என்றால் ரீஜென்ட் கால்வாயைச் சொல்வேன். 1820இல் கட்டி முடித்த சரக்குக் கால்வாய். லிட்டில் வெனிஸ் என்ற பகுதியில் தொடங்கி லைம்ஹவுஸில் தேம்ஸ் ஆற்றருகே முடிகிறது, ஏறத்தாழ 14 கிலோமீட்டர். அந்தக் காலத்தில் குதிரைகள் கரையில் நடந்து கயிறு கட்டிப் படகை இழுத்தன. இப்போது குதிரை நடந்த பாதையில் நாம் நடக்கலாம். ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. நான் மூன்று பகுதியாகப் பிரித்து நடந்தேன்.

ரீஜென்ட் பூங்காவை ஒட்டி ஒரு பாலம் வரும். 1874இல் வெடிமருந்து ஏற்றி வந்த படகு அதன் அடியில் வெடித்து மூன்று பேர் இறந்தார்கள், பாலமும் போயிற்று. திரும்பக் கட்டும்போது பழைய இரும்புத் தூண்களையே திருப்பி நிறுத்தினார்கள். இழுவைக் கயிறு உராய்ந்து உராய்ந்து இரும்பில் பள்ளம் விழும் அல்லவா, அந்தப் பள்ளங்கள் இப்போது தூணின் இருபுறமும் இருக்கின்றன. விபத்துக்கு முந்தையவை ஒரு பக்கம், பிந்தையவை மறுபக்கம். விரலை வைத்துப் பார்த்தேன், நன்றாகப் பொருந்துகிறது.

இஸ்லிங்டன் வந்ததும் கால்வாய் மலையடியில் சுரங்கத்துக்குள் போய்விடும். உள்ளே கரையும் கிடையாது, நடைபாதையும் கிடையாது. குதிரையை அவிழ்த்து மேலே சாலை வழியாக ஓட்டிப்போவார்களாம். படகுக்காரர்கள் மல்லாந்து படுத்துச் சுரங்கச் சுவரைக் காலால் உதைத்து உதைத்துப் படகை நகர்த்துவார்களாம். நாம் குதிரை போன வழியில் போக வேண்டும், சந்தைத் தெருவையும் வீடுகளையும் கடந்து மறுபக்கம் இறங்க வேண்டும். வழியைப் பார்க்கக் கைப்பேசியை எடுத்தால் சுவர் ஓரமாக ஒதுங்கி நின்று பாருங்கள். சைக்கிளிலும் மோட்டார்சைக்கிளிலும் வந்து பறித்துப் போகிறவர்கள் அந்த ஊரில் அதிகம்.

இதுவரை சொன்னது பகல். மாலை ஏழிலிருந்து ஒன்பதரை வரை என்ன செய்வது என்பதுதான் தனிப் பயணத்தின் உண்மையான கேள்வி. பயணக் காணொளிகளில் இதைச் சொல்ல மாட்டார்கள்.

இரண்டாம் நாள் ஓர் உணவகத்துக்குப் போனேன். "ஒருத்தர் மட்டுமா?" என்று கேட்ட பெண், சன்னலோரம் காலியாக இருந்த மேசைகளைத் தாண்டிக் கழிவறைக் கதவுக்குப் பக்கத்து மேசைக்கு என்னை அழைத்துப் போனார். சாப்பிட்டு முடிப்பதற்குள் அந்தக் கதவு பதினான்கு தடவை திறந்தது, எண்ணினேன். வெளியே வந்தால் பளீரென்று வெயில். மதுக்கடை வாசல்களில் அலுவலகம் முடிந்த கூட்டம் கண்ணாடிக் கோப்பையோடு நின்று சிரித்துக்கொண்டிருந்தது. யாரையாவது அழைத்துப் பேசலாம் என்றால், லண்டனில் இரவு எட்டு மணி என்பது சிங்கப்பூரில் விடியற்காலை மூன்று. எனக்குத் தெரிந்த அத்தனை பேரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். இருட்டியிருந்தாலாவது அறைக்குப் போய்ப் படுத்திருக்கலாம், சூரியன் அதற்கும் விடவில்லை. தனிமை வேறு, தனியாக இருப்பது வேறு என்று நிகழ்ச்சிகளில் நானே பேசியிருக்கிறேன். அன்று இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன.

மூன்றாம் நாள் ஈஸ்ட் ஹாம் போனேன். ஊர் முழுக்கத் தமிழ்ப் பலகைகள். ஒரு சின்னக் கடையில் வேலை முடிந்து வந்த ஆண்கள் ஆளுக்கொரு மேசையில் தனித்தனியாக உட்கார்ந்து கொத்து ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அங்கே தனியாகச் சாப்பிடுவது யாருக்கும் செய்தி இல்லை. பரிமாறிய யாழ்ப்பாணத்து அம்மா மட்டும், "பிள்ளைக்கு எவடம்?" என்று கேட்டார். சிங்கப்பூர் என்றேன். "தனியவோ வந்தனீங்கள்?" இருபதாயிரம் மைல் போனாலும் அந்தக் கேள்வி முன்னால் போய் நிற்கும் போலிருக்கிறது. ஆனால் அவர் குரலில் பரிதாபம் இல்லை, கூடுதலாக ஒரு கரண்டி குழம்பு வந்தது.

அதன்பின் மாலைகளை மாற்றிக்கொண்டேன். கடையில் ஒரு ரொட்டியும் ஒரு டப்பா ஸ்ட்ராபெரியும் வாங்கிக்கொண்டு ஹாம்ப்ஸ்டெட் ஹீத் போய்விடுவேன். புல்லும் மரமும் குளமுமாக 300 ஹெக்டருக்கு மேல் விரிந்த இடம். அதில் பார்லிமென்ட் ஹில் என்ற மேட்டில் ஏறினால் செயின்ட் பால் தேவாலயத்தின் குவிமாடம் வரைக்கும் நகரம் காலடியில் கிடக்கும். பெஞ்சுகளில் சின்னச் சின்னப் பெயர்த் தகடுகள். இந்த இடத்தை விரும்பிய இன்னார் நினைவாக என்று குடும்பத்தார் வைத்தவை. உட்காருமுன் தகட்டைப் படிப்பேன், பிறகு அந்த இன்னாரோடு உட்காருவேன். சுற்றிலும் தனியாக வந்தவர்கள் நிறைய. நாயோடு ஒரு தாத்தா, புத்தகத்தோடு ஒரு பெண், செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஒன்றுமே செய்யாமல் இருந்த நடுத்தர வயது அம்மா. ஆறாம் நாள் மாலை மணி பார்த்தபோது 9.10. இரண்டு மணி நேரம் போனது தெரியவில்லை.

அம்மாவிடம் பேசுவது மதியம் இரண்டு மணிக்கு. அங்கே இரவு ஒன்பது, நாடகம் முடிந்திருக்கும். எட்டாம் நாள் செயின்ட் ஜேம்ஸ் பூங்காவிலிருந்து காணொளியில் அழைத்தேன். அங்கே ஏரியில் நாரை மாதிரி பெரிய அலகோடு கூழைக்கடாக்கள் இருக்கின்றன. 1664இல் ரஷ்யத் தூதர் மன்னருக்குக் கொடுத்த பறவைகளிலிருந்து தொடங்கிய வழக்கம், இன்றுவரை வைத்துப் பராமரிக்கிறார்கள். அவற்றைக் காட்டலாம் என்று கைப்பேசியைத் திருப்பினேன். அம்மா பறவையைப் பார்க்கவில்லை.

"பின்னால அந்தப் பொம்பள யாரு? தனியாவா உக்காந்திருக்கு?"

ஆமாம் என்றேன். அறுபது வயதுக்கு மேலிருக்கும். நான் வந்ததிலிருந்து அங்கேதான் இருக்கிறார்.

அம்மா சற்று நேரம் பேசவில்லை. தேக்கா சந்தை, கோயில், பாலிகிளினிக், பேரப்பிள்ளையின் பள்ளிக்கூட வாசல். அம்மா தனியாகப் போகும் இடங்கள் இவ்வளவுதான், நான்கிலும் போன வேலை முடிந்ததும் திரும்பிவிட வேண்டும். சும்மா ஓரிடத்தில் அம்மா தனியாக உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

"யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்களா?"

"கேக்க மாட்டாங்கம்மா."

"அந்த நாற்காலிக்குக் காசு வாங்குவாங்களா?"

பெஞ்சுக்கு இல்லை, கோடுபோட்ட துணி நாற்காலிக்கு மட்டும் வாடகை உண்டு என்றேன். எவ்வளவு என்று கேட்டார். விசாரித்துச் சொல்கிறேன் என்றேன்.