விளக்கும் கிண்ணமும் வாயிற்பேழையும்

சமயம் என்றதும் கோயிலையும் குருமாரையும் நினைப்பதே மக்களுட் பெரும்பாலார்க்கு இயல்பு. ஆனால், யூத சமயத்தை அறிய விரும்பும் ஒருவர் முதலிற் புகவேண்டிய இடம் தொழுகைக் கூடமன்று. வீட்டின் உணவு மேசையே. எருசலேம் நகரிலிருந்த இரண்டாம் ஆலயம் கி.பி. 70ஆம் ஆண்டில் உரோமரால் அழிக்கப்பட்ட பின்னர், பலிபீடத்தின் இடத்தை இல்லத்து மேசை ஏற்றுக்கொண்டது என்பது அவர்தம் அறிஞர் கொள்கை. வெள்ளிக்கிழமை மாலை ஞாயிறு மறைவதற்கு முன்னர் விளக்கேற்றுதல், திராட்சை இரசக் கிண்ணத்தைக் கையிலேந்தி வாழ்த்துரைத்தல், கை கழுவுதல், அப்பம் பகிர்தல் ஆகிய யாவும் குருமாரின் துணையின்றிக் குடும்பத்தாராலேயே செய்யப்படுகின்றன. ஆதலின் இவற்றுக்கு வேண்டிய பாத்திரங்களும் வீட்டுக்கு உரியனவாயின. அப்பாத்திரங்களைத் தற்காலத்துக்கு ஏற்ற வடிவிற் படைத்து விற்பதையே தொழிலாகக் கொண்ட கலைஞரைப் பற்றி இக்கிழமை சிந்திக்கப் புகுகின்றோம்.

கட்டளையை நிறைவேற்றினால் மட்டும் போதாது, அதனை அழகுற நிறைவேற்றுதலும் வேண்டும் என்பது யூதர்தம் பழங்கொள்கை. எபிரேய மொழியில் இதனை 'ஹித்தூர் மிட்ஸ்வா' என்பர். தல்மூத் என்னும் பெருநூலில் இதுபற்றிய ஆராய்ச்சி உண்டு. அழகுக்காக எவ்வளவு செலவிடலாம் என்ற வினாவுக்கும் அந்நூல் விடை கூறுகின்றது: சாதாரணப் பொருளின் விலைக்குமேல் மூன்றிலொரு பங்கு. அழகைப் போற்றியதோடு நில்லாது, அதற்கு ஓர் எல்லையும் வகுத்த இந்நடுநிலை போற்றத்தக்கது. ஏழைக் குடும்பத்தான் அழகின் பெயரால் கடனாளியாதல் கூடாது என்னும் கருணையும் இதனுள் அடங்கியிருக்கின்றதன்றோ?

இத்துறையிற் புதுமை புகுந்த வரலாறு சுவையானது. 1906ஆம் ஆண்டில் போரிஸ் ஷாட்ஸ் என்னும் சிற்பி எருசலேமில் 'பெசலேல்' என்ற கலைப் பள்ளியை நிறுவினார். பாலைவனத்திற் கூடாரக் கோயிலை அமைத்ததாக விவிலியம் கூறும் கைவினைஞனின் பெயரே அப்பள்ளிக்கு இடப்பட்டது. கலை கற்பிப்பதோடு, கற்றவர்க்குப் பிழைப்புக்கு ஒரு வழி காட்டுவதும் ஷாட்ஸின் நோக்கமாயிருந்தது. வெள்ளிக் கம்பி வேலை, செப்பு வேலை, கம்பள நெசவு முதலியன அங்கு நடைபெற்றன. 1929இல் மூடப்பட்ட அப்பள்ளி, 1935இல் புதிய அமைப்புடன் மீண்டுந் திறக்கப்பட்டது.

புதிய பள்ளியில் உலோக வேலை கற்பித்தவருள் ஒருவர் லுட்விக் வொல்பேர்ட். 1900ஆம் ஆண்டு ஜேர்மனியிற் பிறந்து, பிராங்க்பேர்ட் நகரிற் கலை பயின்ற இவர், 1930இல் பாஸ்கா விருந்துக்கென ஒரு தட்டம் செய்தார். வெள்ளி, கருங்காலி, கண்ணாடி ஆகிய மூன்றுமே அதன் மூலப்பொருள்கள். கொடியில்லை, பூவில்லை, சிங்க உருவமுமில்லை. புளியாத அப்பம் மூன்றினையும் வைப்பதற்கு அடுக்குகள். அவற்றின்மேல் விருந்துக்குரிய உணவுகளை வைப்பதற்குச் சிறு கிண்ணங்கள். பயன் எதுவோ அதுவே வடிவமாயிற்று. நாட்ஸிகள் ஆட்சிக்கு வந்த 1933ஆம் ஆண்டில் அவர் பலஸ்தீனத்துக்குக் குடிபெயர்ந்தார். 1956இல் நியூயோர்க் யூத அரும்பொருட்சாலையில் 'டோப் பாஷர்' பட்டறை தொடங்கியபோது, அதனை நடத்தும் பொறுப்பு அவரை நாடி வந்தது. எபிரேய எழுத்தையே அணியாகவும் உறுப்பாகவும் அமைத்தமை அவர் கைவண்ணத்தின் சிறப்பு. 1981இல் அவர் மறைந்த பின்னரும், அவருடைய மாணவர் மோஷே ஸபாரி அப்பட்டறையின் பணியைத் தொடர்ந்தார். இன்று வீட்டிலிருந்தே இத்தொழிலைச் செய்யும் இளங்கலைஞர் பலருக்கும் இவர்கள் வகுத்த நெறியே அடித்தளம் எனலாம்.

புதுமை என்றால் மனம்போன போக்கு என்று எண்ணிவிடலாகாது. ஹனுக்கா விளக்கை எடுத்துக்கொள்வோம். எட்டு இரவுகளுக்கு எட்டுச் சுடர்கள். முதல் இரவில் ஒன்று, பின்னர் இரவுக்கு ஒன்றாகக் கூடும். அவை ஒரே வரிசையில், ஒரே உயரத்தில் நிற்றல் வேண்டும் என்பது வழக்கம். சுடரும் சுடரும் கலந்து தீப்பந்தம்போல் ஆகிவிடலாகாது. அவ்வொளியை வேறு வேலைக்குப் பயன்படுத்தல் தகாது; ஆகவே, 'ஷமாஷ்' எனப்படும் ஒன்பதாவது பணிச்சுடர் மற்றவற்றினின்று பிரித்து வைக்கப்படுகின்றது. இருள் சூழ்ந்த பின் அரைமணி நேரமேனும் எரிவதற்கு வேண்டிய எண்ணெயோ மெழுகோ அதிற் கொள்ளவேண்டும். அலைபோலவும் மரக்கிளைபோலவும் ஏற்றத்தாழ்வாகச் சுடர்களை அமைத்த விளக்குகளும் விற்கப்படுகின்றன. அவை கண்ணுக்கு இனியன. ஆயினும் ஆசாரமான குடும்பத்தினர் அவற்றை வாங்கத் தயங்குவர்.

கிண்ணத்துக்கும் கணக்குண்டு. வாழ்த்துரைக்குரிய இரசத்தின் மிகக்குறைந்த அளவு 86 மில்லி லீற்றர் என்பர் ஒரு சாரார். 150 மில்லி லீற்றர் என்பர் மற்றொரு சாரார். இருசாராரும் ஏற்கும் கிண்ணத்தைச் செய்ய விரும்பும் கைவினைஞன் பெரிய அளவையே கொள்வான். விளக்குத் தண்டுகள் பெரும்பாலும் இரண்டு. ஓய்வுநாளை 'நினை' என்றும் 'காத்துக்கொள்' என்றும் விவிலியம் இருமுறை பணித்தமையை அவை குறிப்பதாகக் கூறுவர். பிள்ளை பிறக்கப் பிறக்க ஒரு விளக்கைக் கூட்டிக்கொள்ளும் குடும்பங்களும் உண்டு. இதனை அறிந்த கலைஞன், தனித்தனியாகவும் சேர்த்தும் வைக்கத்தக்க தண்டுகளை ஆக்கி, அக்குடும்பத்துக்குப் பல்லாண்டு விற்கும் வழியையும் கண்டுகொள்கின்றான். வழக்கத்தை அறிதலே இங்கு வணிக அறிவுமாகின்றது.

வாயில்நிலையின் வலப்புறத்தே பதிக்கப்படும் 'மெசூசா' இவற்றுள் மிகவுஞ் சிறியது. ஆயினும் கைவினைஞனின் நேர்மையை மிகவுஞ் சோதிப்பது. வெள்ளியானாலும் கண்ணாடியானாலும் சீமெந்தானாலும், வெளியே தோன்றும் பேழை வெறும் உறையே. உள்ளே இருக்கும் தோற்சுருளே மெசூசா. உபாகமத்தின் இரு பகுதிகளை, தேர்ந்த எழுத்தர் ஒருவர் கையால் 22 வரிகளில், 713 எழுத்துக்களில் எழுதுகின்றார். ஓரெழுத்துக் குறைந்தாலும் சுருள் செல்லாது. அச்சிட்ட தாளும் செல்லாது. சுருளின் விலை பேழையின் விலையை விஞ்சுவதும் உண்டு. எனவே அழகிய பேழையினுள் அச்சுத்தாளைச் சுருட்டி வைத்து விற்பவன், வாங்குவோனின் நம்பிக்கையையே ஏமாற்றுபவன் ஆகின்றான். நல்ல கலைஞரோ, 'இது பேழை மட்டுமே. சுருளை உரியவரிடம் வாங்குக' என வெளிப்படையாக உரைப்பர். தமது கலைக்கு எல்லை எங்கே என்று அறிந்தவர் அவர்.

தொழிலென்ற அளவில் இதற்குப் பருவங்கள் உண்டு. ஹனுக்காவுக்கும் பாஸ்காவுக்கும் முந்திய கிழமைகளில் விற்பனை மிகும். திருமணம், புதுமனை புகுதல், ஆண்பிள்ளை பதின்மூன்று வயதெய்தும் விழா ஆகியன ஆண்டு முழுவதும் கைகொடுக்கும். திருமணத்தில் மணமகன் கண்ணாடிக் குவளையொன்றைக் காலால் உடைக்கும் வழக்கம் யூதரிடையே உண்டு. மகிழ்ச்சியின் நடுவிலும் அழிந்த ஆலயத்தை நினைவுகூர்தல் அதன் பொருள் என்பர். அவ்வுடைந்த துண்டுகளைப் பெற்று, மெசூசாப் பேழையினுள்ளோ கிண்ணத்தினுள்ளோ பதித்துக் கொடுக்குங் கலைஞரும் உளர். உடைந்தது இல்லத்தின் வாயிலில் ஒளிரும் பொருளாகின்றது.

உடைந்ததை மீட்கும் இம்முயற்சியின் உச்சத்தை வார்சோ நகரிற் காணலாம். இரண்டாம் உலகப் போருக்கு முன்னர் போலந்தில் ஏறத்தாழ 33 இலட்சம் யூதர் வாழ்ந்தனர். அவருள் ஏறத்தாழ 30 இலட்சம் பேர் கொல்லப்பட்டனர். அவர்தம் வீடுகள் பலவற்றின் வாயில்நிலைகளில், பெயர்த்தெடுக்கப்பட்ட மெசூசாவின் தடம் மட்டும் எஞ்சியது. மரத்திலொரு பள்ளம், ஆணித் துளை, வண்ணம் படியாத ஒரு கோடு. ஹெலெனா சேர்னெக், அலெக்சாண்டர் புருகார் என்னும் இருவர் 2014இல் 'மி பொலின்' என்ற நிறுவனத்தைத் தொடங்கி, அத்தடங்களைத் தேடி அச்செடுத்து, வெண்கலத்தில் வார்த்து, புதிய மெசூசாப் பேழைகளாக்கி வருகின்றனர். ஒவ்வொன்றும் தான் பிறந்த வீட்டின் முகவரியைத் தாங்கி நிற்கின்றது. வேறொரு நாட்டில் அதனை வாயிலிற் பதிப்பவர், ஒருகாலத்தில் வேறொருவர் கைபட்ட பள்ளத்தின் வடிவையே தொடுகின்றார்.

இதுவும் விற்பனைப் பொருளே; விலை கொடுத்தே வாங்கப்படுகின்றது. துயரத்தை விலைப்படுத்தலாமா என்று கேட்போர் இருக்கலாம். அக்கேள்வியை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஆயினும், அழிந்துபோகும் வாசற்கதவோடு அத்தடமும் குப்பைமேட்டுக்குச் செல்லுதல் நன்றா, உழைப்புக்கு ஊதியம் பெறும் ஒருவன் கையால் மீண்டும் ஒரு வீட்டின் வாயிலை அடைதல் நன்றா என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஊதியம் பெறுதல் இழுக்கன்று. பொருளின் உண்மையை மறைத்தலே இழுக்கு. பெசலேல் பள்ளி தொட்டு வார்சோப் பட்டறை வரை, இத்துறையில் நிலைத்தவர் எல்லோரும் ஒன்றை அறிந்திருந்தனர்: பாத்திரம் பேசுவதற்கன்று, அதனைக் கையிலெடுக்குங் குடும்பம் பேசுவதற்கு இடங்கொடுப்பதற்கே. அவ்வடக்கத்தைக் கற்ற கைக்கு அழகும் தொழிலும் ஒருங்கே வாய்க்கும்.