கம்ப்யூட்டரில் பிறந்து மொபைலில் வாழும் புரோகிராம்கள்

போன வருடம் மழைக்காலத்தில் என் அக்கா மகளின் லேப்டாப் திடீரென்று உயிரை விட்டது. கல்லூரியில் கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ் படிக்கும் பெண். சி மொழி செய்முறைத் தேர்வுக்குப் பத்து நாட்கள்தான் இருந்தன. மதர்போர்டை மாற்ற வேண்டும், மூன்று வாரம் ஆகும் என்று கடையில் சொல்லிவிட்டார்கள்.

"மாமா, புது லேப்டாப் எல்லாம் இப்போது வாங்க முடியாது. இந்தப் பத்து நாளை ஓட்ட ஏதாவது வழி சொல்லுங்கள்" என்று போன் செய்தாள்.

"இப்போது எதில் பேசுகிறாயோ, அதையே எடுத்து வைத்துக்கொள்" என்றேன்.

அவளுடைய ஆண்ட்ராய்ட் போனில் டெர்மக்ஸ் என்ற இலவச சாப்ட்வேரை இன்ஸ்டால் செய்யச் சொன்னேன். திறந்தால் பழைய டாஸ் திரை போலக் கறுப்பு நிறத்தில் ஒரு விண்டோ வரும். அதில் ஒரு வரி கட்டளை கொடுத்தவுடன் கிளாங் என்ற சி கம்பைலர் இறங்கியது. கல்லூரி லேபில் டர்போ சி-க்காக எழுதிப் பழகிய புரோகிராம்களில் "கோனியோ" ஹெடர் பைலையும், திரையைத் துடைக்கும் வரியையும் மட்டும் நீக்க வேண்டியிருந்தது. மற்றபடி எல்லாம் ஓடின. பத்து நாளும் போனிலேயே பயிற்சி செய்து தேர்வை எழுதி முடித்தாள்.

தேர்வு முடிந்த பிறகு அவள் கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. "என் புரோகிராமை இந்தக் கம்பைலர் உருவாக்குகிறது. சரி, இந்தக் கம்பைலரை இந்தப் போனுக்காக உருவாக்கியது யார்?"

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கும் நீங்களும் இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்பது என் விருப்பம். இதற்கான பதில் உங்கள் மேஜையில் இருக்கும் கம்ப்யூட்டர் போன்ற ஒன்றிலிருந்துதான் தொடங்குகிறது.

பிறந்த வீடு, புகுந்த வீடு

புரோகிராமர் எழுதுவது சோர்ஸ் கோட். அதை பிராசசருக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றுவது கம்பைலர். நம் வீட்டு டெஸ்க்டாப்களிலும் பெரும்பாலான லேப்டாப்களிலும் இருப்பவை இன்டெல் அல்லது ஏ.எம்.டி. பிராசசர்கள். மொபைல் போன்களில் இருப்பவை பெரும்பாலும் ஏ.ஆர்.எம். வகை. இரண்டுக்கும் மொழி வேறு. கம்ப்யூட்டரில் ஓடும் ஒரு புரோகிராமை அப்படியே போனுக்குக் காப்பி செய்து இயக்கிப் பாருங்கள். "எக்ஸெக் பார்மட் எரர்" என்று முகத்தில் அடித்தாற்போல் பதில் வரும். பைல் கெட்டுப்போகவில்லை. அந்த வீட்டின் மொழி அதற்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அப்படியானால் போனிலேயே கம்பைல் செய்துவிடலாமே என்று நீங்கள் நினைக்கலாம். சிறிய புரோகிராம் என்றால் தாராளமாகச் செய்யலாம். ஆனால் போனில் முதல் கம்பைலர் எப்படி வந்து சேரும்? அதற்கும் ஒரு கம்பைலர் வேண்டுமே! ஆகவே முதல் கம்பைலர் வெளியில் வேறொரு மெஷினில் பிறந்துதான் போனுக்குள் வர வேண்டும். இன்னொரு காரணமும் உண்டு. பெரிய புரோகிராம்களுக்கு மெமரியும் நேரமும் அதிகம் தேவை. ஒருமுறை என் 3 ஜிபி மெமரி போனில் பெரிய சாப்ட்வேர் ஒன்றைக் கம்பைல் செய்து பார்த்தேன். போன் இஸ்திரிப் பெட்டி போலச் சூடாகி, பாதியில் நின்றுவிட்டது.

ஆகவே கம்ப்யூட்டரில் இருந்துகொண்டே போனின் பிராசசருக்கான புரோகிராமை உருவாக்கும் கம்பைலரைப் பயன்படுத்துகிறார்கள். இதற்கு கிராஸ் கம்பைலிங் என்று பெயர். புரோகிராமுக்குப் பிறந்த வீடு கம்ப்யூட்டர், புகுந்த வீடு மொபைல்.

இது புதிய வேலை அல்ல. 2005-ல் நோக்கியா 770 என்ற லினக்ஸ் டேப்லெட் வந்தது. அதில் இருந்த மெமரி வெறும் 64 எம்பி. அதற்குள் கம்பைலரை ஓட்டுவது நடக்கிற காரியமா? அதற்கான புரோகிராம்களை ஸ்க்ராட்ச்பாக்ஸ் என்ற சாப்ட்வேரின் உதவியோடு கம்ப்யூட்டரில்தான் உருவாக்கினார்கள். ஆண்ட்ராய்டுக்கு கூகுள் தரும் என்.டி.கே. என்ற டூல் தொகுப்பு 2009-ல் வந்தது. பிரெட்ரிக் போர்ன்வால் 2015-ல் தொடங்கிய டெர்மக்ஸும் இந்த என்.டி.கே.யை வைத்துத்தான் தன் புரோகிராம்களை உருவாக்குகிறது.

மொழி மட்டும் மாறினால் போதுமா?

போதாது. இங்கேதான் உண்மையான உழைப்பு இருக்கிறது. புகுந்த வீட்டின் பழக்க வழக்கங்களும் வேறல்லவா?

முதலாவது, சி லைப்ரரி. ஒரு பைலைத் திறப்பது, ஒரு வரியைத் திரையில் காட்டுவது போன்ற அன்றாட வேலைகளுக்கு எல்லாப் புரோகிராம்களும் இதைத்தான் நம்பியிருக்கின்றன. பெரும்பாலான லினக்ஸ் கம்ப்யூட்டர்களில் இருப்பது குனு நிறுவிய ஜிலிப்சி. ஆண்ட்ராய்டில் இருப்பதோ பயோனிக் என்ற வேறொன்று. ஆகவே ராஸ்பெரி பை போன்ற ஏ.ஆர்.எம். கம்ப்யூட்டருக்கான லினக்ஸ் புரோகிராமும் ஆண்ட்ராய்டில் அப்படியே ஓடிவிடாது.

இரண்டாவது, போல்டர்கள். லினக்ஸ் புரோகிராம்கள் தங்களுக்கான பைல்கள் இன்னின்ன போல்டரில்தான் இருக்கும் என்று எதிர்பார்க்கும். ஆண்ட்ராய்டில் ஓர் அப்ளிகேஷன் தனக்கென ஒதுக்கப்பட்ட இடத்தில்தான் எழுத முடியும். சோர்ஸ் கோடில் பழைய முகவரி எங்கெல்லாம் இருக்கிறதோ, அங்கெல்லாம் தேடித் திருத்த வேண்டும். பேட்ச் என்று சொல்லப்படும் இந்தத் திருத்தங்களை ஒவ்வொரு புதிய பதிப்பு வரும்போதும் மறுபடி சரிபார்க்க வேண்டும்.

மூன்றாவதுதான் வேடிக்கையானது. பல சாப்ட்வேர்கள் கம்பைல் ஆகும் முன் சின்னச் சின்னச் சோதனைப் புரோகிராம்களை உருவாக்கி, ஓட்டிப் பார்த்து, "இந்த மெஷினில் இது வேலை செய்கிறதா?" என்று தெரிந்துகொள்ளும். கிராஸ் கம்பைலிங்கில் அந்தச் சோதனைப் புரோகிராம் போனுக்கானது. கம்ப்யூட்டரில் ஓடாது. எனவே கேள்விக்கான பதிலை மனிதர் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். பதில் தவறினால் புரோகிராம் உருவாகிவிடும். ஆனால் போனில் ஓடும்போது காலை வாரிவிடும். பைத்தான் மொழியைப் பாருங்கள். அதை மொபைலுக்காக உருவாக்க வேண்டுமானால், அதே பதிப்பு பைத்தான் முதலில் கம்ப்யூட்டரில் இருக்க வேண்டும். பிள்ளையைப் பெற அதே பெயரில் இன்னொரு பிள்ளை வேண்டும் என்பது போன்ற கதை!

இவ்வளவையும் ஒவ்வொரு புரோகிராமுக்கும் ஒருவர் செய்து, சமையல் குறிப்பு போல ஒரு பைலில் எழுதி வைக்கிறார். சோர்ஸ் கோட் எங்கே கிடைக்கும், எந்தப் பதிப்பு, என்னென்ன பேட்ச் என்று எல்லாம் அதில் இருக்கும். டெர்மக்ஸில் இந்தக் குறிப்பை வைத்து 32 பிட், 64 பிட் ஏ.ஆர்.எம்., 32 பிட், 64 பிட் இன்டெல் என நான்கு வகை பிராசசர்களுக்கும் பேக்கேஜ்கள் உருவாகின்றன. இதைச் செய்பவர்களில் பலர் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். நாம் ஒரு வரி கட்டளை கொடுத்து, ஒரு நிமிடத்தில் இறக்கிக்கொள்கிறோம்.

கதவு குறுகுகிறது

இனி என் கருத்துக்கு வருகிறேன். இவ்வளவு உழைத்துக் கொண்டுவந்து சேர்க்கும் புரோகிராமை உள்ளே விடும் வாசல் வருடத்துக்கு வருடம் குறுகி வருகிறது.

2019-ல் வந்த ஆண்ட்ராய்ட் 10-ன் விதிகளுக்காக எழுதப்படும் அப்ளிகேஷன்கள், தாங்கள் டவுன்லோட் செய்து தங்கள் இடத்தில் எழுதி வைத்த புரோகிராம் பைலை நேரடியாக இயக்க முடியாது. பிளே ஸ்டோரில் வெளியாகும் அப்ளிகேஷன்கள் அந்த விதிக்குள் வர வேண்டும் என்று 2020-ல் கட்டாயம் ஆனது. பேக்கேஜ்களை இறக்கி இயக்குவதுதானே டெர்மக்ஸின் வேலையே! பழைய விதியிலேயே இருப்பது என்று அது முடிவு செய்தது. அதனால் பிளே ஸ்டோரில் அதன் அப்டேட்கள் அப்போது நின்றன. இன்றும் அதன் முழு வசதிகளோடு கூடிய பதிப்பை எப்-ட்ராய்ட் தளத்திலிருந்தோ, டெர்மக்ஸ் குழுவின் கிட்ஹப் பக்கத்திலிருந்தோ பெறுவதே நல்லது.

2025 ஆகஸ்டில் கூகுள் இன்னோர் அறிவிப்பை வெளியிட்டது. அடையாளம் சரிபார்க்கப்பட்ட டெவலப்பர்களின் அப்ளிகேஷன்களை மட்டுமே சான்று பெற்ற ஆண்ட்ராய்ட் போன்களில் இன்ஸ்டால் செய்ய முடியும். 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய நாடுகளில் தொடங்கி மற்ற நாடுகளுக்கும் இது விரியும் என்றது அந்த அறிவிப்பு. பலரும் எதிர்த்த பிறகு, ஆபத்தை அறிந்து ஏற்றுக்கொள்ளும் அனுபவசாலிகளுக்குத் தனி வழி தரப்படும் என்று நவம்பரில் சொன்னது.

இந்தக் கட்டுப்பாடுகளில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். பேங்க் பெயரில் போலி அப்ளிகேஷனை அனுப்பிப் பணத்தைச் சுருட்டுவது நம் ஊரிலும் நடக்கிறது. அப்பாவி அப்ளிகேஷன் போல உள்ளே வந்து, பிறகு வேறு புரோகிராமை இறக்கி ஓட்டும் வைரஸ்களும் உண்டு. விவரம் அறியாத பெரியவர் கையில் இருக்கும் போனுக்குப் பூட்டு அவசியம்தான்.

ஆனால் பூட்டின் சாவி யாரிடம் இருக்க வேண்டும்? காசு கொடுத்து வாங்கியவரிடம்தானே! இதற்கு ஆண்ட்ராய்டிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. 2021-ல் வந்த ஆண்ட்ராய்ட் 12, அப்ளிகேஷன்கள் தொடங்கும் துணைப் புரோகிராம்கள் மொத்தம் 32-ஐத் தாண்டினால் அவற்றை நிறுத்தத் தொடங்கியது. டெர்மக்ஸ் பயன்படுத்துவோர் தவித்தார்கள். பின்னர் வந்த பதிப்புகளில், டெவலப்பர் ஆப்ஷன்ஸ் பகுதியில் இதை நிறுத்தி வைக்க ஒரு ஸ்விட்ச் வந்தது. தேவையில்லாதவர் கண்ணில் அது படாது. தேவைப்படுபவர் தேடி எடுத்துக்கொள்ளலாம். மற்றக் கட்டுப்பாடுகளுக்கும் இப்படி ஒரு ஸ்விட்ச் போதும்.

லேப்டாப் வாங்க வசதியுள்ளவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். என் அக்கா மகளுக்கு ஒரு செமஸ்டர் இதில் அடங்கியிருந்தது. வீட்டில் கம்ப்யூட்டரே இல்லாமல், போன் மட்டும் உள்ள மாணவர்களை எண்ணிப் பாருங்கள். அவர்களுக்கு அந்தக் கறுப்பு விண்டோதான் முதல் கம்ப்யூட்டர்.

நீங்கள் என்ன செய்யலாம்?

பழைய ஆண்ட்ராய்ட் போன் ஒன்று மேஜை டிராயரில் கிடந்தால் எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிட வேண்டாம். டெர்மக்ஸ் போட்டுப் பழகுங்கள். போட்டோக்களின் அளவை மொத்தமாகக் குறைக்க இமேஜ்மேஜிக், வீடியோவிலிருந்து பாட்டை மட்டும் பிரித்தெடுக்க எப்எப்எம்பெக் எனப் பயனுள்ளவை நிறைய உண்டு. ஹேக்கிங் கற்றுத் தருகிறேன் என்று வீடியோக்களில் காட்டும் கட்டளைகளை மட்டும் அர்த்தம் புரியாமல் டைப் செய்யாதீர்கள்.

கொஞ்சம் துணிச்சல் இருந்தால் கிராஸ் கம்பைலிங்கையும் செய்து பாருங்கள். கோ என்ற மொழியில் இது மிகவும் எளிது. எந்தச் சிஸ்டம், எந்த பிராசசர் என்ற இரண்டு விவரங்களைக் கொடுத்தால், உங்கள் கம்ப்யூட்டரிலேயே போனுக்கான புரோகிராம் தயாராகிவிடும். "வணக்கம்" என்று ஒரே ஒரு வார்த்தையைக் காட்டும் புரோகிராமாக இருந்தாலும் போதும். நீங்கள் உருவாக்கியது உங்கள் போனில் ஓடும்போது, இந்த உரிமை ஏன் முக்கியம் என்பது தானாகப் புரியும்.

அக்கா மகளின் லேப்டாப் சரியாகி வந்துவிட்டது. போனிலிருந்து டெர்மக்ஸை எடுத்துவிட்டாயா என்று கேட்டேன். "எதற்கு மாமா? என் தோழிக்கு லேப்டாப் இல்லை. அவளுக்கும் போட்டுக் கொடுத்துவிட்டேன்" என்றாள்.