கைப்பக்குவமும் அறிவியலே!

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., வேதியியல்

சமையலைப் பற்றி எழுத ஒரு மாணவனுக்கு என்ன வேலை என்று நண்பர்கள் சிலர் நகைக்கலாம். நகைக்கட்டும். பசி ஆண், பெண் பார்த்து வருவதில்லை. சென்ற ஆண்டு முதல் வாடகை அறையில் நண்பர் மூவரோடு பொங்கித் தின்னும் எனக்கு இதைப் பற்றிப் பேச ஓரளவு உரிமை உண்டென்றே எண்ணுகிறேன்.

சமையல் நூல் ஒன்றையோ வார இதழின் சமையற் குறிப்பையோ எடுத்துப் பாருங்கள். 'தேவையான பொருட்கள்' என்றுதான் தொடங்கும். பன்னிரண்டு பொருள் இருக்கும்; அவற்றுள் ஒன்று கசகசா, மற்றொன்று முந்திரி. இரண்டும் நம் அடுக்களையில் இரா. இல்லாதவன் என்ன செய்வது என்று அங்கே ஒரு வரியும் காணோம். புத்தகத்தை மூடிவிட்டு ஓட்டலுக்கு நடக்க வேண்டியதுதான்! எழுதியோரைப் பழிப்பது என் நோக்கமன்று. எஸ். மீனாட்சி அம்மாள் 1951-இல் 'சமைத்துப் பார்' நூலை வெளியிட்டு, வாய்மொழியாய் இருந்த அளவுகளை ஏட்டில் ஏற்றினாரே, அது பெருந்தொண்டு. ஆயினும் அளவை மட்டும் எழுதினால் பாதி எழுதியதாகும். மறு பாதி காரணம்.

என் தாயார் எழுதப் படிக்க அறியாதவர். குழம்பு வைப்பது எப்படி என்று கேட்டால், "புளிப்புக்கு ஏதாச்சும் போடுப்பா" என்பார். எலுமிச்சங்காய் அளவு புளி என்று ஒருநாளும் சொன்னதில்லை. புளிப்புக்கு ஏதாவது! இச்சொல்லில் எத்துணை வேதியியல் அடங்கியிருக்கிறது என்பது கல்லூரிக்கு வந்த பிறகே எனக்கு விளங்கியது. புளியில் இருப்பது டார்டாரிக் அமிலம். எலுமிச்சையிலும் தக்காளியிலும் சிட்ரிக் அமிலம். மோரில் லாக்டிக் அமிலம். பெயர்கள் அவருக்குத் தெரியா, குணம் தெரியும். எலுமிச்சையைச் சட்டி இறக்கிய பின்னரே பிழிவார், மணம் போய்விடும் என்று. மோர்க் குழம்பு நுரை கட்டியதும் இறக்கிவிடுவார், கொதித்தால் திரிந்துவிடும் என்று. பருப்பு மலர வெந்த பிறகே புளியைக் கரைத்து ஊற்றுவார். முன்னே ஊற்றினால்? பருப்பிலும் காயிலும் செல்களை ஒட்டிப் பிடித்திருக்கும் பெக்டின், அமிலத்தில் எளிதில் இளகுவதில்லை. எவ்வளவு விறகு எரித்தாலும் பருப்பு விறைத்தே நிற்கும். ஆகவே புளி மாறலாம். ஊற்றும் வரிசை மாறலாகாது. 2023 சூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது பலரும் திகைத்தார்கள். எங்கள் வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசியதாகவே நினைவில்லை.

இது நம் மரபுக்குப் புதிதன்று. மார்கழித் திருவாதிரையன்று களியோடு ஏழு காய்க் குழம்பு வைக்கும் வழக்கத்தை எண்ணிப் பாருங்கள். ஏழு என்பது கணக்கு. எந்த ஏழு என்பதை அந்தந்த வீட்டுக் கொல்லையும் அந்த வாரச் சந்தையுமே முடிவு செய்யும். பூசணி, அவரை, மொச்சை, வாழைக்காய், சர்க்கரைவள்ளி என்று கிடைத்ததெல்லாம் சட்டிக்குள் போகும். கிழங்கு முதலில், நீர்க்காய் கடைசியில் என்னும் வரிசை மட்டும் எந்த வீட்டிலும் மாறாது.

எங்கள் அறையில் மாதக் கடைசியைக் காப்பாற்றி வருவது அடை. அரிசி இரண்டு பங்கு, பருப்பு எல்லாம் சேர்த்து ஒரு பங்கு முதல் இரண்டு பங்கு வரை. ரேஷன் புழுங்கலரிசியே போதும். பருப்பில் எது இருக்கிறதோ அது. கடலைப் பருப்பு மிகுந்தால் மொறுமொறுப்பு, உளுந்து மிகுந்தால் மென்மை. இரண்டையும் குறை சொல்ல ஏதுமில்லை. இரண்டு மூன்று மணி நேரம் ஊற வைத்து, மிளகாய், உப்பு, பெருங்காயத்தோடு கரகரப்பாய் அரைக்க வேண்டும். மாவு புளிக்கக் காத்திருக்க வேண்டியதில்லை. முருங்கைக்கீரையோ வெங்காயமோ முட்டைக்கோசோ கலக்கலாம். மாற்றக் கூடாதவை இரண்டு: மாவை நைய அரைக்கலாகாது; கனமாய் வார்த்து, நடுவில் குழி செய்து எண்ணெய் விடாமல் இருக்கலாகாது. கனத்த அடையின் நடுப்பகுதி வேகவேண்டுமே!

கேக் என்றால் மட்டும் நம்மவர் மலைத்துப் போகிறார்கள். ஓவன் வேண்டும், முட்டை வேண்டும், மைதா வேண்டும் என்கிறார்கள். ஒன்றும் வேண்டாம். ஒன்றரைக் கோப்பை கோதுமை மாவு, ஒரு கோப்பை பொடித்த வெல்லம், ஒரு கோப்பை புளித்த தயிர், அரைக் கோப்பை எண்ணெய், அரைத் தேக்கரண்டிக்குச் சற்று மேல் சமையல் சோடா, ஒரு சிட்டிகை உப்பு. குக்கரில் இரண்டு விரற்கடை மணல் பரப்பி, ரப்பர் வளையத்தையும் குண்டையும் கழற்றிவிட்டுச் சூடேற்றி, எண்ணெய் தடவிய பாத்திரத்தில் மாவை ஊற்றி உள்ளே வைத்து, மெல்லிய தீயில் நாற்பது நிமிடம். ஈர்க்குச்சியால் குத்தினால் மாவு ஒட்டக் கூடாது. வெல்லத்துக்குச் சர்க்கரை போடலாம். மைதாவானால் தயிரைச் சற்றுக் குறைக்கலாம். கேழ்வரகு மாவு மூன்றில் ஒரு பங்கு வரை சேரலாம். அதற்கு மேல் போனால் உதிர்ந்துவிடும், ஏனெனில் கோதுமையில் உள்ள குளூட்டன் கேழ்வரகில் இல்லை. ஆனால் தயிரை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் வேறொரு புளிப்பு வந்தே தீரவேண்டும். பாலில் எலுமிச்சை பிழிந்தாலும் சரி. சோடாவிலிருந்து கரியமில வாயுவை எழுப்பி மாவை உப்பச் செய்வது அந்த அமிலமே. அமிலம் இல்லையேல் சோடா சூட்டில் சோடியம் கார்பனேட்டாகி, கேக்கில் சோப்பு வாடை அடிக்கும். தயிரும் சோடாவும் கலந்த பின் மாவை அடுப்பில் ஏற்றத் தாமதிக்கவும் கூடாது.

"அளவில்லாமல் நீ ஆய்வகத்தில் வேலை செய்வாயா?" என்று என் அறை நண்பர் கேட்டார். நல்ல கேள்விதான். ஆய்வகத்திலும் வன் அமிலத்தை வன் காரத்தோடு தரம் பார்க்கும்போது பினாப்தலீனும் பயன்படும், மெத்தில் ஆரஞ்சும் பயன்படும். ஆக்சாலிக் அமிலமானால் பினாப்தலீன் ஒன்றுதான். முன்னதில் ஏன் மாற்றலாம், பின்னதில் ஏன் மாற்றலாகாது என்று சொல்லத் தெரிந்த மாணவனை ஆசிரியர் பாராட்டுகிறார், மதிப்பெண்ணும் கிடைக்கிறது. அதே அறிவை அடுப்பங்கரையில் காட்டும் தாயை என்னவென்று சொல்கிறோம்? 'கைப்பக்குவம்' என்கிறோம். பாராட்டுப் போலத்தான் ஒலிக்கிறது. ஆனால் கையோடு பிறந்தது, சொல்லித்தர இயலாதது என்று அதைத் தள்ளி வைக்கவும் அச்சொல்லே உதவுகிறது. இயலாதென்பது பொய். நாம் யாரும் உட்கார்ந்து, "ஏம்மா இப்படிச் செய்கிறாய்?" என்று கேட்டதில்லை. பட்டம் வாங்கப் போகும் முதல் தலைமுறை நாம். கேட்கவும் எழுதவும் தெரிந்த முதல் ஆளும் பல வீடுகளில் நாமே. நாம் கேட்காவிட்டால் வேறு யார் கேட்பார்?

அடுத்த ஆண்டு மலரில் இதற்கென்று இரண்டு பக்கம் ஒதுக்குமாறு மலர்க் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறேன். ஊருக்குப் போகும் நண்பர்கள் ஆளுக்கொரு பண்டத்தைக் கேட்டு எழுதி வாருங்கள். பொருளின் பெயர் மட்டும் வேண்டாம். அது அங்கே என்ன வேலை செய்கிறது, அது இல்லாவிட்டால் எதைப் போடுவார்கள், எதை மட்டும் மாற்றவே விடமாட்டார்கள் என்ற மூன்றையும் கேளுங்கள். வேதியியலும் தாவரவியலும் கற்பிக்கும் பேராசிரியர்கள் காரணங்களைச் சரிபார்த்துத் தருவார்களானால் நன்றியுடையவர்களாவோம். தாளின் மேலே உங்கள் வகுப்பையும் எண்ணையும் எழுதுங்கள். அதற்கும் மேலே, சொன்னவரின் பெயரை எழுதுங்கள்.