ராஜாபாய் கோபுரமும் 'டின்னவெல்லி'யும்

அமெரிக்க வரலாற்றுத் துணுக்குகளுள் மும்பையில் அதிகம் புழங்குவது இது: 1861இல் அங்கு உள்நாட்டுப் போர் மூண்டு, தென்மாநிலத் துறைமுகங்கள் முற்றுகைக்குள்ளாகவே, லங்காஷயர் ஆலைகள் இந்தியப் பஞ்சை நாடின, பம்பாய் பணத்தில் மிதந்தது. 1865 ஏப்ரலில் தளபதி லீ சரணடைந்தார். சில மாதங்களில் பங்குச் சந்தை சரிந்தது.

நம் பல்கலைக்கழகத்தின் ராஜாபாய் கோபுரம் அக்காலச் செல்வத்தின் எச்சம். பஞ்சு வணிகர் பிரேம்சந்த் ராய்சந்த் 1864இல் நன்கொடை அளித்தார். மறு ஆண்டே பெருஞ்செல்வத்தை இழந்தார். அவருடைய தாயின் பெயர் தாங்கிய கோபுரம் 1878இல் நிறைவுற்றது.

சுவையான செய்திதான். ஆயினும் இதில் வணிகர் மட்டுமே மனிதர். பஞ்சு தானாக விளைந்துவிடுகிறது. அமெரிக்கப் பஞ்சைப் பறித்தவர்கள் அடிமைகள். அவர்களுடைய விடுதலையில் முடிந்த போரைப் பம்பாயின் 'பொற்காலம்' என்று மட்டும் எழுதுவதை என்னால் ஏற்க இயலவில்லை.

நம் பக்கத்து விடுபடலும் உண்டு. லிவர்பூல் சந்தையில் 'டின்னவெல்லி' என்பது ஒரு பஞ்சு வகையின் பெயர். (மொழியியல் மாணவருக்கு இது பொருள் திரிபுக்கு நல்ல சான்று.) தாராவியிலோ அது பல குடும்பங்களின் சொந்த ஊர். கரிசல் உழவர் அவ்விலையேற்றத்தில் பெற்றது என்ன, சரிவில் இழந்தது என்ன என்பதை, தாராவியிலிருந்தும் மாட்டுங்காவிலிருந்தும் அக்கோபுரத்தின் கீழ் வந்து படிக்கும் தமிழ் மாணவர் எவரேனும் ஆய்வுத் தலைப்பாக எடுக்கலாம்.