சிரட்டையும் குறிப்பேடும்

கேகாலை மாவட்டத்துக் கித்துல்கலைக்கு வருவோர் பெரும்பாலும் இரண்டன் பொருட்டே வருவர். 1957ஆம் ஆண்டில் வெளிவந்த ‘குவாய் நதிப் பாலம்’ என்னும் ஆங்கிலப் படத்துக்காகக் களனி கங்கைக்குக் குறுக்கே பாலங் கட்டித் தகர்த்த இடத்தைக் காண்பது ஒன்று. அக்கங்கையின் நுரைப்பெருக்கிலே இறப்பர் ஓடம் விட்டு மகிழ்வது மற்றொன்று. இரண்டும் குற்றமல்ல. ஆயினும் இவ்வூருக்கு வேறொரு பெருமை உண்டு. அதனை அறிந்தார் சிலரே.

1995ஆம் ஆண்டிலே, பறவையாய்வாளர் தீபால் வாரகாகொட இவ்வூர் மழைக்காட்டில் இரவில் ஒரு குரலைக் கேட்டார். தாம் அறிந்த எப்பறவையின் குரலும் அஃது அன்று என உணர்ந்தார். கேட்டதை மறந்தாரல்லர். ஆறாண்டு கழித்து, 2001ஆம் ஆண்டு சனவரியிற் சிங்கராஜ வனத்திலே அக்குரலுக்கு உரிய பறவையைக் கண்ணாரக் கண்டார். செம்மை படர்ந்த சிற்றாந்தை அது. ஒரு சாண் நீளமும் இல்லாதது. 2004ஆம் ஆண்டில் உலகுக்கே புதியதோர் இனம் என முறைப்படி அறிவிக்கப்பெற்று, இயற்கைப் பாதுகாப்புக்கு உழைத்த திலோ ஹொஃப்மன் அவர்களின் பெயரைத் தாங்கியது.

இச்செய்தியை நான் எண்ணும்போதெல்லாம் மகிழ்ச்சியோடு ஒரு நாணமும் தோன்றும். அக்காட்டின் ஓரத்து லயங்களிலே நம்மவர் தலைமுறை தலைமுறையாக உறங்கி எழுந்திருக்கின்றனர். அவர்தம் செவியிலும் அக்குரல் விழுந்திருத்தல் கூடும். கேட்டார்; எழுதிலர். எழுதும் கல்வியை அவர்க்கு யார் கொடுத்தார் என்பது வேறு வழக்கு.

இவற்றை இன்று எழுத நேர்ந்ததற்கு ஒரு கடிதம் காரணம். என்னிடம் நன்னூல் கற்று, இன்று தோட்டப் பாடசாலை ஒன்றில் ஆசிரியராக இருக்கும் தம்பி ஒருவர் எழுதுகின்றார்: “பண்டிதர் ஐயா, எங்கள் பாடசாலைத் தோட்டத்தைப் புள்ளும் பூச்சியும் வந்து தங்கும் தோட்டமாக்க விரும்புகிறேன். என்னென்ன சாமான்கள் வாங்கலாம்? எந்த நூல்களை மாணவர் கையிற் கொடுக்கலாம்?” கொழும்புக் கடையொன்றின் விலைப்பட்டியலையும் இணைத்திருந்தார். பறவைக்கு மரவீடு, தானியம் இடும் கண்ணாடிக் குழல், பீங்கான் நீர்த்தொட்டி என்று நீண்ட அப்பட்டியலின் கூட்டுத்தொகை தோட்டத் தொழிலாளியின் ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கிவிடும்.

தம்பிக்கு நான் கூறும் விடை இது. அப்பட்டியலை மடித்து வைத்துவிடுக. இறப்பர் மரத்திற் பால் வடியக் கட்டுகின்ற சிரட்டை உம்மூரில் உண்டு. அதுவே நீர்த்தொட்டி. நிழலிலே மூன்றடி உயரத்தில் அதனைக் கட்டி நீர் வார்க்க. ஆனால், நாள்தோறும் கவிழ்த்துப் புதுநீர் வார்க்கும் பொறுப்பை ஒரு மாணாக்கனிடம் விடுக. இரண்டு மாவட்டத்திலும் டெங்குக் காய்ச்சல் படுத்தும் பாட்டை நாம் அறிவோம். குருவிக்கு வைத்த நீர் நுளம்புக்கு ஆதல் கூடாது. மூங்கிலைக் கணுவை ஒட்டி ஒரு சாண் அளவாக நறுக்கிக் கட்டாகக் கட்டிக் கூரையிறப்பிலே தொங்கவிட்டாற் கூட்டமாக வாழாத தனித்தேனீக்கள் அதன் துளைகளிற் குடிபுகும். பட்டுப்போன மரம் எல்லையோரத்தில் நின்றால் நிற்கட்டும். குக்குறுவான் உளுத்த மரத்தைக் குடைந்தே கூடு செய்யும். அது விட்ட பொந்திலே பிற பறவைகள் வந்து சேரும். பிள்ளைகள் நடமாடும் இடத்தில் நின்றால் மட்டும் வெட்டுக.

சருகுக் குவியல் நல்லதுதான். மண்புழுவும் தவளையும் அங்கே பெருகும். ஆயினும் அதனை வகுப்பறைச் சுவரோடு குவிப்பது மடமை. சருகிலே பதுங்கும் விரியன் இப்பகுதிகளில் மிகுதி. நம் பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடுபவர். வேலியோரமாக, பத்துப் பன்னிரண்டு பாகத்துக்கு அப்பால் அது கிடக்கட்டும். உயிர்களிடத்து அன்பு வேண்டும் என்று எழுதுவோர் பலர் இவ்விடத்தைச் சொல்லாமற் கடந்துவிடுகின்றனர்.

இனிச் செடிகள். உன்னிப்பூவிலே வண்ணத்துப்பூச்சி மொய்ப்பதைக் கண்டு அதனை நடுவோர் உளர். அஃது அமெரிக்க நாடுகளிலிருந்து வந்து நம் காட்டோரங்களைப் பிடித்துக்கொண்ட செடி. தேன் தரும், நம் நாட்டுப் புழுவுக்கு இலை தராது. விருந்துண்ண ஓரிடமும் பிள்ளை பெற வேறிடமும் தேடும் உயிர்க்குப் பிள்ளை பெறும் இடமே அரிது. இலங்கையின் தேசிய வண்ணத்துப்பூச்சியாகிய, பொன்னும் கருமையும் கலந்த பெருஞ்சிறகுடையது, ஈசுவரமூலிக் குடும்பத்துக் கொடிகளிலன்றி முட்டையிடுவதில்லை. நம் சித்த வைத்தியர் பாம்புக்கடிக்கு எடுத்தாண்ட அதே மூலிகைதான். சிங்களத்தார் சப்சந்த என்பர். கறிவேப்பிலையும் எலுமிச்சையும் வேறு சில இனங்களுக்குத் தொட்டில். கறிவேப்பிலையிற் புழுவைக் கண்டால் நம் தாய்மார் நசுக்குவர், குழம்புக்கு வேண்டுமே! இரண்டு கன்று நடுக. ஒன்று அடுக்களைக்கு, மற்றொன்று புழுவுக்கு.

இவ்வாறு சொல்வது எளிது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தோட்டத்திலே, லயத்தின் பின்புறத்து ஒழுங்கையோரமாகப் பிள்ளைகள் இத்தகைய கன்றுகளை நட்டு வளர்த்தனர். ஈசுவரமூலிக் கொடி ஆள் உயரம் ஏறிற்று. ஒருநாட் காலை களைகொல்லி தெளிப்பவர் வந்தார். அவர்க்கு இட்ட பணி அது. ஒரு வாரத்திற் கொடியும் கன்றும் புல்லோடு புல்லாகப் பழுத்துக் கருகின. கேட்டபோது, “நிலம் தோட்டத்துக்கு உரியது” என்றார்கள். அதற்கு மறுமொழி இல்லை. கிளைபோசேற்று என்னும் களைகொல்லி 2015ஆம் ஆண்டில் நாடெங்கும் தடைசெய்யப்பட்டு, 2018ஆம் ஆண்டிலே தேயிலைக்கும் இறப்பருக்கும் மீண்டும் அனுமதிக்கப்பட்டதை வாசகர் அறிவர். களை பிடுங்க ஆள் இல்லை என்னும் தோட்டத்தார் முறைப்பாட்டையும் பொய்யென்று தள்ளமாட்டேன். ஆயினும் தன் காலடி மண்ணில் ஒரு கொடியை வளர்க்கும் உரிமை இல்லாத பிள்ளைக்கு இயற்கையை நேசி என்று எவ்வாறு பாடஞ் சொல்வது? குடும்பத்துக்கு 7 பேர்ச் நிலம் என்னும் கணக்கிலே தனிவீடுகள் சில எழுந்துள்ளன. அவை இன்னும் பலர்க்கு எட்டவில்லை. எட்டும்வரை பாடசாலை வளவு ஒன்றே அப்பிள்ளைகளின் தோட்டம். அதனால்தான் தம்பியின் கடிதத்தை அற்பமாக எண்ண என்னால் இயலவில்லை.

நூல்களுக்கு வருவோம். இலங்கைப் பறவைகளைப் பற்றி ஜீ. எம். ஹென்றி எழுதிய கையேடு 1955ஆம் ஆண்டில் வெளிவந்தது. படங்களும் அவர் கைவண்ணமே. பாலூட்டிகளைப் பற்றி டபிள்யூ. டபிள்யூ. ஏ. பிலிப்ஸ் 1935ஆம் ஆண்டிற் பெருநூல் ஒன்று செய்தார். இருவர் நூலும் இன்றும் நூலகத்தில் வைத்தற்குரியன. இங்கே ஒன்றைக் கருதுக: ஹென்றி இலங்கைத் தேயிலைத் தோட்டமொன்றிலே பிறந்தவர், பிலிப்ஸ் தோட்டத் துரையாக இருந்தவர். ஆக, இந்நாட்டு உயிர்களைப் பற்றிய சிறந்த நூல்களுள் இரண்டு தோட்டங்களோடு தொடர்புடையோராலேயே எழுந்தன. ஆனால் பங்களாவிலிருந்து எழுந்தன, லயத்திலிருந்து அல்ல. மரநாய் எப்போது கித்துட்பழம் தின்ன இறங்கும் என்பதை லயத்து முதியவர் யாரும் சொல்வர். அவர் சொல் நூலேறவில்லை.

தமிழில் இல்லையோ எனின், உண்டு. மா. கிருஷ்ணனின் கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் தொகுத்த ‘மழைக்காலமும் குயிலோசையும்’ மாணவர்க்குத் தமிழ்நடைக்கும் வழிகாட்டும். ப. ஜெகநாதனும் ஆசையும் எழுதிய ‘பறவைகள்: அறிமுகக் கையேடு’ கைக்கு அடக்கமானது. பி. எல். சாமியின் சங்க இலக்கியச் செடிகொடி, புள்ளின விளக்கங்கள் ஆசிரியர் மேசையில் இருக்கவேண்டியவை. எனினும் இவையெல்லாம் தமிழகத்தை நோக்கி எழுந்தவை. சப்பிரகமுவ மலைச்சாரலுக்கென்று தமிழிலே ஒரு கைந்நூலை நான் இதுகாறும் கண்டிலேன்.

அதன் குறையை என் வகுப்பிலேயே உணர்ந்தேன். குறிஞ்சிப்பாட்டிலே கபிலர் அடுக்கிய 99 பூக்களின் பெயரையும் மாணாக்கர் ஒப்புவிக்கும்படி முப்பது ஆண்டாகக் கற்பித்து வருகிறேன். ஒருநாள் ஒரு மாணவி நீலப் பூங்கொத்து நெருங்கிய கிளையொன்றைக் கொணர்ந்து, “சேர், இதைச் சிங்களத்தில கொரகஹ என்று சொல்றாங்க. தமிழ்ல என்ன?” என்றாள். எனக்குத் தெரியவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று நழுவினேன். சாமியின் நூலை இரவெல்லாம் புரட்டியபின் அறிந்தேன்: அது காயா. திருமாலின் நிறத்துக்கு உவமையாக நான் நூறுமுறை விளக்கிய அதே காயாம்பூ! பாடசாலை வேலிக்கு அப்பால் அது ஆண்டுதோறும் பூத்திருக்கிறது. அதன் கனியைப் பறவைகள் உண்டிருக்கின்றன. பண்டிதர் மட்டும் கண்டிலர்.

ஆதலால் தம்பி முதலில் வாங்க வேண்டிய பொருள் கோடிட்ட தடித்த குறிப்பேடு ஒன்று. பாடசாலைக்குப் பணம் எஞ்சினால் ஒரு தொலைநோக்குக் கண்ணாடியும் இரண்டு மண்வெட்டியும் போதும். குறிப்பேட்டில் நாள், மழை உண்டா இல்லையா, கண்ட உயிர், அது என் செய்தது என்பன ஒரு வரியில் வரட்டும். சிங்களப் பெயரையும் தள்ளற்க. அயல்வீட்டார் தந்த சொல் அது.

இரத்தினபுரி, கேகாலைப் பகுதித் தமிழாசிரியர்கள் தத்தம் ஊர் முதியோர் வழங்கும் மரம், செடி, பறவைப் பெயர்களை இப்பக்கத்துக்கு எழுதியனுப்புமாறு வேண்டுகிறேன். நிகண்டிற் காணாத பெயராயினும் திருத்தற்க. கேட்டபடியே எழுதுக, பெயருடன் கேட்ட தோட்டத்தையும் சொன்னவரின் வயதையும் குறிக்க. கித்துல்கலைச் சிற்றாந்தையின் குரலைக் கேட்ட பாட்டி எவரேனும் இருப்பின், அவர் அதற்கு இட்ட பெயரை முதலில் அனுப்புக.